கழுவாத மணல்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் தொடங்கியது. புயல் அடித்துப் பதினோரு நாள் கழித்து, நிவாரணக்காரர்கள் ஒரு கட்டுப் படிவங்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். வாத்தியார்தானே, பள்ளிக்கூடமும் மூடிக்கிடக்கிறது, சும்மாதான் இருக்கிறார் என்று ஊர் அதை என் தலையில் கட்டியது. இறந்தவர் பெயர், வயது, இடிந்த அறைகள் எத்தனை என்று போய், ஏழாவது கேள்வி: பேரிடர் இயற்கையானதா, மனிதரால் ஏற்பட்டதா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் மட்டும் குறியிடவும்.

என் அக்காள் மகள் ரயாந்தியின் படிவத்தில் 'இயற்கை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அழகாகப் போட்டிருந்தேன், பிள்ளைகளின் நோட்டில் சரி போடுவதுபோல. அன்று மாலையே இதை எழுத உட்கார்ந்தேன்.

(ஊரின் பெயரை எழுதமாட்டேன். ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், கொமோரோவின் பெரிய தீவில், வடக்குக் கரையில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வருஷங்களுக்கு எண் சொல்லுகிறவர்கள் குறைவு. எரிமலைச் சாம்பல் மழைநீர்த் தொட்டிகளில் கொட்டிய வருஷம், விமானம் கடலில் விழுந்த வருஷம், எங்கள் ஊர்ப் படகு கவிழ்ந்த வருஷம் என்றுதான் பிள்ளைகளின் வயதைக் கணக்கிடுகிறோம். ரயாந்திக்கு முதல் பல் விழுந்தது சாம்பல் வருஷத்தில்.)

2

"கடல் கோபம் கொண்டது."

இதுதான் நான் எழுதிய முதல் தொடக்கம். அடித்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளின் கட்டுரைகளில் இதே வரியைச் சிவப்பு மையால் அடித்து வந்தவன் நான். கடலுக்கு நம்மோடு எந்த வழக்கும் இல்லை.

"அன்று வீசிய காற்றின் வேகம் மணிக்கு..." இது வானொலி வாசிக்கிற வேலை. விட்டுவிட்டேன்.

"ரயாந்தி பிறந்த வாரமே அவளுடைய வீடும் பிறந்தது." இதை வைத்துக்கொள்ளலாம். எங்களிடம் வீடு என்பது பெண்ணுக்கு. மகள் பிறந்தால் தகப்பன் மனையில் நாலு கம்பி நடுவான். அப்புறம் வருஷத்துக்கு ஒரு சுவர், கை வசதிப்பட்டால் ஒரு ஜன்னல். வீடு முடிந்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்து சேருவான். வீடில்லாத பெண்ணை யாரும் கேட்டு வருவதில்லை.

ரயாந்தியின் தகப்பன் படகு கவிழ்ந்த வருஷத்தில் போய்விட்டான். நாலு கம்பியும் அரைச் சுவரும் மிச்சம். தகப்பன் இல்லாத இடத்தில் தாய்மாமன் கட்டவேண்டும். அந்தத் தாய்மாமன் நான்.

3

இனி இந்தத் தாய்மாமன். இவனை இந்தக் கதையில் எப்படி நடத்துவது என்று எனக்கு விளங்கவில்லை. நல்லவனாக எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். கெட்டவனாக எழுதினால் அதிலும் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: அவனே ஒப்புக்கொண்டுவிட்டானே, பாவம், என்று பாதி மன்னித்துவிடுவீர்கள். முதலில் 'அவன்' என்று வைத்து எழுதிப் பார்த்தேன். "அவன் மணலை நாக்கில் வைத்துப் பார்த்தான்." என்ன நிம்மதி! மடமடவென்று நாலு பக்கம் ஓடியது. மறுநாள் 'அவன்' வந்த இடத்தில் எல்லாம் 'நான்' என்று போட்டு வாசித்தேன். அரைப் பக்கம்தான் தேறியது. அந்த அரைப் பக்கம் இதுதான்.

ஜூலை மாதம். ஆகஸ்ட் இருபதாம் தேதி ரயாந்திக்குக் கல்யாணம். பிரான்சின் மார்சே நகரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. கூரைத் தளம் இன்னும் போடவில்லை. மலைக் குவாரியிலிருந்து உடைத்த மணல் வரவேண்டும். தீவில் மூன்று வாரமாக டீசல் இல்லை, லாரிகள் எல்லாம் படுத்துக்கிடந்தன. அதனால் ஊரே செய்கிறதைச் செய்தேன். பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு, தலையில் வாளி வைத்து, கடற்கரையிலிருந்து மணல் சுமந்து கொட்டினார்கள். ரயாந்தியும் சுமந்தாள். தன் வீட்டு மணலைத் தானே சுமக்காத பெண் எங்கள் ஊரில் கிடையாது.

கொத்தனார் ஜூமோய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, கொஞ்சம் எடுத்து நாக்குல வச்சுப் பாருங்க."

வைத்தேன்.

"எப்படி இருக்கு?"

"உப்புதான். கடல் மணல் வேற எப்படி இருக்கும்?"

"நல்ல தண்ணில மூணு தடவை கழுவணும். இல்லன்னா உப்பு உள்ள போயி கம்பியத் தின்னுடும். இன்னைக்கி தெரியாது. அஞ்சாறு வருஷத்துல தெரியும்."

"எவ்வளவு தண்ணி வேணும்?"

ஜூமோய் தொட்டியைக் கையால் காட்டினார். முழுத் தொட்டியும் வேண்டும் என்று அர்த்தம். எங்கள் தீவில் ஆறு இல்லை. கிணறு தோண்டினால் உப்பு. நவம்பர் வரை மழை இல்லை. இருக்கிற ஒரு தொட்டித் தண்ணீரில்தான் கல்யாணச் சோறு வேகவேண்டும், முப்பது விருந்தாளிகள் குளிக்கவேண்டும்.

"எல்லாரும் கழுவித்தான் கட்டுறாங்களா?" என்று கேட்டேன்.

"யார் கழுவுறா? நான் சொல்லுவேன். யாரும் கேக்கமாட்டாங்க. நீங்க படிச்ச ஆளு, கேப்பீங்களோன்னு சொன்னேன்."

"அப்படியே போடுங்க."

"சரி."

"அக்காகிட்ட சொல்லவேணாம்."

"நான் எதுக்குச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

(ஜூமோய் அடுத்த வருஷமே பக்கத்துத் தீவுக்கு வேலை தேடி இரவோடிரவாகப் படகேறினார். படகு போய்ச் சேரவில்லை. ஆக, அந்த மணலின் ருசி தெரிந்த ஆள் இன்று நான் ஒருவன். இப்போது நீங்களும்.)

4

இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் வீரனாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். எழுதியது இதுதான்:

"நான் சபையில் எழுந்து நின்றேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். 'பெரியவர்களே, நாம் கடலின் கதவைப் பெயர்த்து நம் வீட்டுக்குச் சுவர் வைக்கிறோம்' என்று—"

இதோடு நிறுத்திவிட்டேன். நல்ல வசனம். அதனால்தான் சந்தேகம் வந்தது. உண்மையில் பேசியவர்களுக்கு இவ்வளவு நல்ல வசனம் வாய்ப்பதில்லை.

நடந்தது வேறு. எங்கள் ஊர்ச் சபை கூடும் சதுக்கத்தில் பெரிய கல்யாணம் முடித்தவர்கள்தான் பேசலாம். பெரிய கல்யாணம் என்றால் ஊர் முழுக்க நாள்கணக்கில் சாப்பாடு போட்டு, பெண்ணுக்குப் பொன் அடுக்கிச் செய்வது. அதைச் செய்தவன் முழு ஆள். செய்யாதவன் ஊர்ப்பிள்ளை. நான் சின்னதாக ஒரு கல்யாணம் செய்து, அதையும் காப்பாற்றத் தெரியாமல் விட்டவன். அப்போதே வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, தாடி பாதி நரை, சபையில் பிள்ளை.

ஆனாலும் என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், கரையோரச் சீமைப்பலா மரத்திலிருந்து அலை தொடும் இடம் வரை எண்ணிக்கொண்டே நடக்கச் சொல்வேன். முதல் வருஷம் அறுபத்திரண்டு நடை. அப்புறம் நாற்பது. ரயாந்தியின் வீட்டுக்கு மணல் அள்ளிய வருஷம் பத்தொன்பது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, சபையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு மணலைப் பற்றி வந்தபோது அரை எழும்பு எழும்பினேன். அதுவரைக்கும் உண்மை.

புர்ஹான் பெரியவர் பார்த்துவிட்டார். "என்ன வாத்தியாரே, கால் மரத்துப் போச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"பேசணும்னா பெரிய கல்யாணத்த முடிச்சிட்டு வாங்க. நாங்களும் சாப்புட்டு நாளாச்சு. அது வரைக்கும் பிள்ளைங்க தேத்தண்ணி ஊத்துங்கப்பா."

நானும் சிரித்தேன். எழுந்தது எழுந்ததுதான் என்று தேத்தண்ணீர் ஊற்றினேன். இதுவரை இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இங்கே நிறுத்தி, வழக்கத்தின்மேல் பழியைப் போட்டுவிடுவேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: என் வாயை அடைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மணல் அள்ளக்கூடாது என்று அன்று சபை தீர்ப்புச் சொல்லியிருந்தால் ரயாந்தியின் கல்யாணம் நின்றிருக்கும். பேச விடாதவர்களுக்கு நான் உள்ளுக்குள் நன்றி சொன்னேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

5

(புயல் அன்று நடந்ததை மூன்று விதமாக எழுதியிருக்கிறேன். ஒன்றில் நான் ஓடிவந்து கத்துகிறேன். இன்னொன்றில் நான் ஊரிலேயே இல்லை. இரண்டையும் கிழிக்கவில்லை, மேசையில் கிடக்கின்றன. நீங்கள் வாசிக்கப்போவது மூன்றாவது.)

வீடு ஆறு வருஷம் நின்றது. கணவன் மார்சேயில், ரயாந்தி இங்கே. நாலாம் வருஷமே கூரையின் அடிப்பக்கத்தில் காவி நிறத்தில் நீளமான கோடுகள் தெரிய ஆரம்பித்தன. சாப்பிடும்போது காரை உதிர்ந்து தட்டில் விழுகிறது என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். வெள்ளையடித்துக் கொடுத்தேன்.

ஏப்ரலில், ஒரு வியாழக்கிழமை, மதியம் லுஹர் தொழுகை முடிந்த நேரம். தகர வீடுகளில் இருப்பவர்கள் உறுதியான கல் வீடுகளுக்குப் போய்விடுங்கள் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. நல்ல யோசனைதான். அக்காள் மொய்னேஷாவின் வீடு தகரம். அவளும் இளைய மகள் ஸல்ஹதாவும் துணி மூட்டையோடு ரயாந்தியின் வாசலில் நின்றார்கள். நான் மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடப் போய்க்கொண்டிருந்தேன். அது குவாரிக் கல்லில் கட்டியது.

"தம்பி, பள்ளிக்கூடத்துக்கு வந்துரட்டுமா, இங்கயே இருக்கட்டுமா?" என்று அக்காள் கேட்டாள்.

நான் பதில் சொல்லுமுன் ரயாந்தி வெளியே வந்தாள். முகம் முழுக்கச் சந்தனப்பூச்சு. புயல் வருகிறதென்று பூச்சைக் கழுவுகிற ஆள் இல்லை அவள்.

"ஏம்மா, மாமா கட்டுன கல்லு வீடு இருக்கும்போது பள்ளிக்கூட பெஞ்சுக்கு அடியில போயா உக்காரணும்? சொல்லுங்க மாமா."

"அவன் என்ன சொல்லுவான், அவன் கட்டுனத அவனே குறை சொல்லுவானா?" என்று அக்காளும் சிரித்தாள்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஜன்னலில் மாப்பிள்ளையின் சித்தி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "வேணாம், பள்ளிக்கூடத்துக்கு வாங்க" என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் என்னிடம் இருந்தது.

"கல்லு வீடுதானே, இருங்க," என்றேன்.

பள்ளிக்கூடத்தில் அன்று இருபத்துமூன்று பேர் இருந்தோம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

பிற்பகல், அஸர் தொழுகை நேரத்தில் கடல் ஏறியது. தடுக்கக் கரை இல்லை. முதல் அலையே நேராக ரயாந்தியின் சுவரில் வந்து மோதியது என்று ஸல்ஹதா பிறகு சொன்னாள். அவளும் அக்காளும் பின்கட்டுச் சமையலறையில் தேங்காய்ப்பாலில் மரவள்ளி வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். நடு அறையில் இருந்த ரயாந்தியின்மேல் கூரைத் தளம் மொத்தமாக இறங்கிவிட்டது. தூக்கப் போன அக்காளின் இடது கை முழங்கையோடு நசுங்கியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. உடைந்த தளத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பியைப் பிடித்து இழுத்தேன். சுண்டுவிரல் கனத்தில் போட்ட கம்பி, தீக்குச்சியாகியிருந்தது. கையோடு ஒடிந்து, சிவப்புத் தூளாக உள்ளங்கையில் நின்றது. நான் அதை முதலில் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தேன். அதன் பிறகுதான் அவளைத் தேடினேன். இந்த வரிசையை மாற்றி எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மாற்றவில்லை.

6

"காத்துதான் கொண்டுபோச்சு," என்கிறாள் அக்காள். துக்கம் கேட்க வருகிற எல்லாரிடமும் அதையே சொல்கிறாள். "அல்லாஹ் அனுப்புன காத்து. யாரைக் கோவிச்சுக்க முடியும்?"

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் தினமும் எழுதுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் வந்து உட்கார்ந்தாள்.

"என்னடா எழுதுற, கவர்மெண்டுக்கா?"

"கதை, அக்கா."

"யார் கதை?"

"ரயாந்தி கதை."

"வாசி."

வாசித்தேன். மேசையில் கிடந்ததில் முதலாவதை. அதில் நான் ஓடிவந்து கத்துகிறேன், காற்றில் யாருக்கும் கேட்கவில்லை, அக்காள் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறாள்.

கடைசிவரை கேட்டுவிட்டு, "நான் எங்கடா அப்படி அழுதேன்?" என்றாள். "எனக்கு அன்னிக்கு அழுகையே வரல. நீதான் அழுத. நாலு பேரு பிடிக்க வேண்டியிருந்துச்சு உன்ன."

"கதைக்காக அப்படி எழுதுனேன்."

"நீ ஓடி வந்து கத்துனதும் எனக்கு ஞாபகமில்ல. ஆனா நீ கத்தியிருப்ப. காத்து சத்தத்துல கேட்டிருக்காது." என் முழங்காலில் தட்டிக்கொடுத்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்க."

அவள் போன பிறகு வெகுநேரம் அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய பொய்யை அவள் தன் ஞாபகத்தில் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டாள். எழுதத் தெரிந்ததற்காக அன்றுதான் முதல் தடவையாக என்னை நானே வெறுத்தேன்.

7

புயல் போய் மூன்று மாதமாகிறது. ஸல்ஹதாவுக்கு ஆகஸ்டில் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவளுக்கு வீடு எங்கே என்று கேட்டார்கள். இடிந்த மனை இருக்கிறது, நாலு கம்பி நடவேண்டும். எங்கள் கரையில் இப்போது வெறும் கறுப்புப் பாறைதான். பெண்கள் பக்கத்து ஊர்க் கரைக்குப் போய் வாளியில் மணல் சுமந்து வருகிறார்கள். அக்காள் ஒரு கையால் சுமக்கிறாள்.

"மாமா, ஜன்னல பெருசா வைங்க. காத்து வந்தா குதிச்சு ஓட வசதியா இருக்கும்," என்றாள் ஸல்ஹதா. பத்தொன்பது வயது. நான் சிரிக்கவில்லை என்று என்னைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

புதுக் கொத்தனாரிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், மணலைக் கழுவினால் என்ன என்று.

"எதுல கழுவ? உங்க தொட்டி வெடிச்சுக் கெடக்கு. குடிக்கிற தண்ணியவே குடத்துல வாங்குறீங்க. கல்யாணத்தத் தள்ளி வைங்க, மழை வரட்டும், கழுவுவோம். ஏன் தள்ளுறோம்னு உங்க அக்காகிட்ட நீங்க சொல்லுங்க."

அதுதான் விஷயம். மழை வரும்வரை தள்ளிவைக்கலாம். அதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் ரயாந்தி.

8

முடிவுகள்.

முதல் முடிவு: நான் சொல்லிவிடுகிறேன். "அக்கா, காத்து இல்ல. நான்தான்." இதுவரை எழுதினேன். அதற்கு அவள் என்ன சொல்வாள் என்பது வரவில்லை. நாற்பத்தேழு வருஷமாகத் தெரிந்தவள், என்னை இடுப்பில் சுமந்தவள், அவளுடைய அடுத்த வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருக்கிற ஆண்பிள்ளை நான் ஒருவன். நான் சொன்னால் மகளைக் கொன்ற காற்றும் போய்விடும், தம்பியும் போய்விடுவான்.

இரண்டாம் முடிவு: நான் சொல்லவில்லை. வீடு எழும்புகிறது, விருந்து நடக்கிறது, பெண்கள் குலவை இடுகிறார்கள், ஸல்ஹதா சந்தனம் பூசிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், ஐந்தாறு வருஷம் கூரை நிற்கிறது. இது ஒரே மூச்சில் வந்தது, ஒரு வார்த்தை அடிக்கவில்லை. அவ்வளவு சுலபமாக வந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்றாம் முடிவு: நான் யாரிடமும் சொல்லாமல் படகேறி—

வேண்டாம். அப்போதும் வீடு எழும்பும்.

9

இன்று ஞாயிறு, காலை. அக்காள் வாசலில் வந்து நிற்கிறாள். இதை எழுதிக்கொண்டே அவளோடு பேசுகிறேன்.

"இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கியா? அங்க அஸ்திவாரத்துக்குக் கலவை போட்டாச்சு. முதல் கரண்டி தாய்மாமன் வைக்கணும்னு எல்லாரும் நின்னுக்கிட்டிருக்காங்க."

"வேற யாராவது வைக்கட்டும் அக்கா."

"ஏன்? ரயாந்திக்கு நீதானே வச்ச. உன் கை ராசியான கை. காத்து வந்ததுக்கு நீ என்னடா பண்ணுவ?"

அதையும் எழுதிக்கொண்டேன்.

"கதை முடியலியா?"

"முடியல."

"எங்க நிக்குது?"

"ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லணும். சொல்றானா இல்லையான்னு தெரியல."

"இதுக்குப் போயி இவ்வளவு நேரமா? வாசிக்கிறவங்க யாரையாவது கேளேன்டா. அவங்களுக்குத் தெரியும்."

கேட்கிறேன். நான் சொல்வதா, கரண்டியை வாங்கிக்கொள்வதா? அவள் நல்ல கையை என் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். எனக்காக இரக்கப்பட்டு எழுதாதீர்கள், அவளுக்காகவும் வேண்டாம். எதை எழுதினாலும் சீக்கிரம் எழுதுங்கள். வெயில் ஏறிவிட்டது, கலவை இறுகிக்கொண்டிருக்கிறது, ஸல்ஹதா அடுத்த வாளி மணலைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் வருகிறாள்.